பஹ்ரைனில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக்காரன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மகன் மனாமாவில் இருக்கிறான். ஜனவரியில் என்னையும் மனைவியையும் நான்கு நாள் வந்து போகச் சொல்கிறான். துபாயில் இருக்கும் மைத்துனரோ, “பஹ்ரைனை அரை நாளில் சுற்றிவிடலாம், பேசாமல் இங்கே வாருங்கள்” என்கிறார். நீங்கள் அங்கே போய்வந்தவர். போகலாமா? எதைப் பார்ப்பது? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அங்கே முத்து வாங்கலாமா என்றும் கேட்கிறாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கட்டாயம் போங்கள். ஜனவரி நல்ல மாதம், வெயில் வாட்டாது. சின்ன நாடுதான், 800 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. உயரமான கட்டடங்களைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் துபாய்க்கே போகலாம். ஆனால் நீங்கள் தூத்துக்குடிக்காரர். உங்களைப் போன்ற ஒருவர் பஹ்ரைனைப் பார்க்காமல் இருக்கக்கூடாது என்பேன்.

முதல் மாலையை முஹர்ரக்குக்கு ஒதுக்குங்கள். மனாமாவிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும் பழைய தலைநகரம். அங்கே பூ மாஹிர் கோட்டைக் கரையில் தொடங்கி, பழைய தெருக்கள் வழியாக சியாதி மாளிகை வரை மூன்றரை கிலோமீட்டருக்கு ‘முத்துப் பாதை’ இருக்கிறது. யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சமதளம்தான். மனைவிக்கு முடியாவிட்டால் சியாதி மாளிகைப் பக்கத்தை மட்டும் நடந்து பாருங்கள். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லில் எழுப்பிய சுவர்கள். முத்து வணிகரின் வீட்டுக்கும், முத்துக் குளித்தவரின் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நின்று கவனியுங்கள். அந்தத் தொழிலின் முழுக் கதையும் அதில் இருக்கிறது.

குளிப்பவர் மூக்கில் ஒரு கவ்வி, கழுத்தில் சிப்பிக் கூடை, காலில் கல் கட்டிய கயிறு. மேலே படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் இப்படித்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை முழுக்கக் கடலிலேயே கிடந்தவர்களுக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. நம் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, போன்றவர் அங்கே ‘நகுதா’. அவரிடம் முன்பணம் வாங்கித்தான் குடும்பத்துக்கு அரிசியும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடன் தீராமல் அப்பா இறந்தால் அது மகன் தலையில் விழும். முத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை.

ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1930-களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. அதே சமயத்தில்தான், 1932-இல், ஜெபல் துகான் குன்றின் அடிவாரத்தில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதல் எண்ணெய் அதுதான்.

அடுத்த நாள் காலை பஹ்ரைன் கோட்டை. பார்த்தவுடன் போர்த்துகீசியர் கோட்டை என்று நினைப்பீர்கள். அது மேலடுக்குதான். கீழே கி.மு. 2300 வாக்கிலிருந்து ஊர்மேல் ஊராக எழுந்த மேடு. தில்முன் என்று சுமேரியர்கள் எழுதிவைத்த வணிக நாட்டின் நகரம் இங்கே இருந்தது. 1950-களில் தோண்டிய டென்மார்க் தொல்லியலாளர்களுக்குக் கிடைத்த எடைக்கற்கள் சிந்துவெளி எடை முறையில் இருந்தன. அதாவது மொஹெஞ்சதாரோ வணிகனும் தில்முன் வணிகனும் ஒரே அளவையில் நிறுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள்.

அப்புறம் ஆஅலி. அங்கே தில்முன் காலத்துப் புதைமேடுகள் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கின்றன. சில இரண்டு மாடி வீட்டைவிட உயரம். தீவில் எஞ்சியவை 11,000-க்கு மேல். சாலைக்கும் வீட்டுக்குமாகத் தரைமட்டமானவை எத்தனையோ. 2019-இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம் மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

தெற்கே பாலைவனத்தில் தனியாக நிற்கும் உயிர் மரத்தை மகன் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். 400 வயது என்கிறார்கள். நம் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான் அது.

அல் ஃபாத்திஹ் பெரிய மசூதிக்குள் எல்லா மதத்தவரும் போகலாம், வெள்ளிக்கிழமை தவிர. பெண்களுக்கு அங்கேயே அங்கி தருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மனாமா சூக் என்ற பழைய கடைவீதிக்குப் போங்கள். விடுமுறை நாள் என்பதால் தொழிலாளர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள், தமிழும் காதில் விழும். சந்துக்குள் ஸ்ரீநாத்ஜி கோயில் இருக்கிறது. சிந்து மாகாணத்தின் தட்டா நகரிலிருந்து வந்த வணிகர்கள் 200 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. 1965 வரை அந்தக் கடைவீதியில் புழங்கியது ரூபாய்தான்.

முத்து விஷயம். பஹ்ரைனில் வளர்ப்பு முத்து விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் விலை அதிகமாகத்தான் இருக்கும். வாங்குவதென்றால் ‘தானாத்’ என்ற அங்குள்ள முத்து ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றை முத்தாக இருந்தாலும் சான்றிதழோடு வாங்கச் சொல்லுங்கள்.