டொக் வாங்குறதோ, சின்ன ஹப் காணுமோ?

மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு வீட்டில இருந்தே கணக்கு வேலை செய்யிறாவாம், புது லப்டொப்பில ரெண்டு டைப் சி போர்ட்டும் ஒரு பழைய யூஎஸ்பி போர்ட்டும் மட்டும்தான் இருக்காம், வீட்டில ஒரு மொனிட்டரும் ரவுட்டரில இருந்து வாற லான் வயரும் கொழுவ வேணும், இடைக்கிடை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய் புரொஜெக்டரில காட்டவும் வேணுமாம். கனடாவில இருக்கிற மாமா டொக்கிங் ஸ்டேஷன் ஒண்டு வாங்கி அனுப்புறன் எண்டு நிக்கிறாராம். "டொக் எடுக்கட்டோ அண்ணா, இல்லாட்டி சின்ன ஹப் காணுமோ?"

தங்கச்சி, டொக் எண்டது மேசையில வச்சுத் தன்ர அடப்டரில ஓடுற பெட்டி, ஹப் எண்டது லப்டொப்பில நேர கொழுவிற சின்னத் துண்டு, ரெண்டும் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும். உங்களுக்கு ஹப் வடிவாக் காணும். மாமாவை டொக்குக்குக் காசு செலவழிக்க விடாதேங்கோ.

ஆனா எதை வாங்கிறதுக்கு முந்தியும் உங்கட லப்டொப்பின்ர போர்ட்டைப் பாருங்கோ. டைப் சி எல்லாம் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒண்டு படம் அனுப்பும், பக்கத்தில இருக்கிறது டேட்டா மட்டும் அனுப்பும், சிலது சார்ஜும் ஏத்தாது. போர்ட்டுக்குப் பக்கத்தில மின்னல் அடையாளம் இருந்தா அது அனேகமா தண்டர்போல்ட் எண்ட வேகமான போர்ட், படம் போகும், பெரும்பாலும் சார்ஜும் ஏறும், டிஸ்ப்ளேபோர்ட் அடையாளம் இருந்தா படம் போகும். ஒரு அடையாளமும் போடாத லப்டொப்பும் கனக்க இருக்கு, அப்பிடியெண்டா மொடல் நம்பரை அடிச்சு, கொம்பனின்ர பக்கத்தில டிஸ்ப்ளேபோர்ட் (படம் அனுப்பும்), பவர் டெலிவரி (சார்ஜ் ஏத்தும்) எண்ட ரெண்டு சொல்லும் எந்தப் போர்ட்டுக்குப் போட்டிருக்கு எண்டு தேடுங்கோ. படம் அனுப்பாத போர்ட் எண்டா எவ்வளவு விலைக்கு ஹப் வாங்கிக் கொழுவினாலும் எச்டிஎம்ஐயில ஒண்டும் வராது. அந்த நிலைமையில மட்டும் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள சாமான் தேடுங்கோ, அது டிரைவர் ஒண்டு போட்டு சாதாரண யூஎஸ்பியாலேயே படத்தை அனுப்பும், எக்செல் வேலைக்கு நல்லாக் காணும், வீடியோ பாத்தா கொஞ்சம் இழுபடும்.

இனிக் கரண்ட் விசயம். எங்கட பக்கத்தில ஹப்போ டொக்கோ எண்ட கேள்விக்கு முக்காவாசி விடை இதிலதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன். டொக் தன்ர அடப்டரில ஓடுற சாமான். காத்து மழைக்குக் கரண்ட் ஒருக்கா விட்டு வந்தாலும் அது செத்து எழும்பும், அதோட மொனிட்டர், லான், கொழுவியிருக்கிற ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரேயடியாக் கழரும், கொப்பி பண்ணிக்கொண்டு இருக்கேக்க இது நடந்தா ஃபைல் பழுதாப் போகும். ஹப் எண்டா லப்டொப் பற்றரியிலேயே ஓடும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மட்டும் கரண்ட் வெட்டின காலத்தில ரவுட்டருக்கு எண்டு சின்ன யூபிஎஸ் வாங்கின ஆக்கள் கனபேர், உங்கட வீட்டில அது கிடந்தா கரண்ட் போனாலும் லான் வயர் ஹப்புக்குள்ளால ஓடிக்கொண்டே இருக்கும், மொனிட்டர் மட்டும்தான் அணையும், வேலை நிக்காது.

இதில ஒரு முக்கியமான விசயம். கடையில சார்ஜரை ஹப்பில கொழுவுங்கோ, ஹப்பை லப்டொப்பில கொழுவுங்கோ, ஒரே வயர் எண்டு சொல்லித்தான் தருவினம். உங்களுக்கு ரெண்டு டைப் சி இருக்குத்தானே, வீட்டில அப்பிடிச் செய்யாதேங்கோ. சார்ஜரை ஒண்டில நேர கொழுவுங்கோ, படம் அனுப்புற மற்றப் போர்ட்டில ஹப்பைக் கொழுவுங்கோ. ஏனெண்டா ஹப்புக்குள்ளால சார்ஜ் போகேக்க கரண்ட் விட்டு வந்தா ஹப்பும் லப்டொப்பும் எவ்வளவு பவர் எடுக்கிறது எண்டு திரும்ப ஆரம்பத்தில இருந்து பேசி முடிக்க வேணும், கனக்க ஹப்புகள் அந்த நேரம் எல்லாத்தையும் ஒரு நொடி கழட்டித்தான் கொழுவும். மற்றது, ஹப் தனக்கெண்டு 10, 15 வாட்ஸ் எடுத்துக்கொள்ளும், 65 வாட்ஸ் சார்ஜரைக் குடுத்தா லப்டொப்புக்கு 50 அளவுதான் போகும். நேர கொழுவினா ரெண்டு தலையிடியும் இல்லை. ரெண்டு போர்ட்டும் சார்ஜ் ஏத்தி படம் அனுப்புமெண்டா எதில எதையும் கொழுவலாம்.

மொனிட்டர் சாதாரண 1080 (ஃபுல் எச்டி) எண்டா எந்த ஹப்பும் சரி. அதைவிடத் துல்லியமான 4கே மொனிட்டர் வச்சிருக்கிறவை ஹப்பின்ர பெட்டியில 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 தரம் படம் மாறும்) எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, மலிவான ஹப்புகள் 4கேயை 30 ஹேர்ட்ஸிலதான் குடுக்கும், மவுஸ் இழுபடுறது கண்ணுக்கே தெரியும்.

பயணத்துக்கு எச்டிஎம்ஐ மட்டும் நம்பிப் போகாதேங்கோ. பள்ளிக்கூடங்களிலயும் பழைய கந்தோர்களிலயும் நீல நிற விஜிஏ வயர்தான் தொங்கிக்கொண்டு நிக்கும். எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கிற சின்னக் கன்வேட்டர் ஒண்டைத் தனியா வாங்கிப் பையில போடுங்கோ, கூட வேலை செய்யிற ஆக்களுக்கும் குடுத்து உதவலாம். ஹப் பஸ்ஸில வரேக்க கிறவல் புழுதி படாம ஒரு சின்னப் பைக்குள்ள வையுங்கோ. அதைவிட முக்கியம் ஹப்பைத் தொங்க விடாதது, லப்டொப்பை ஸ்டாண்டில ஏத்தி வச்சிட்டு ஹப்பை அந்தரத்தில விட்டா பாரம் முழுக்கப் போர்ட்டிலதான் விழும், அது உள்ள மதர்போர்ட்டோட ஒட்டியிருக்கிற சாமான், ஆடத் தொடங்கினா திருத்திறதுக்கு ஹப்பின்ர விலையை விடக் கனக்கக் கேப்பாங்கள். சித்திரை வெயிலுக்குத் தகரக் கூரைக்குக் கீழ ஹப் கையில சுடுமளவுக்குச் சூடேறும், அதுக்குப் பயப்பிட வேண்டாம், மெத்தையிலயும் துணியிலயும் வைக்காம மேசையில வச்சாச் சரி.

வயர் இல்லாத மவுஸை ஹப்பில கொழுவினாச் சிலவேளை துள்ளும், பலபேர் மவுஸ் பழுது எண்டு எறியிறவை. ஹப்பில இருக்கிற யூஎஸ்பி 3 எண்ட வேகமான போர்ட் ஓடேக்க மவுஸ் பாவிக்கிற 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் குழப்பும், இன்டெல் 2012லயே இதை எழுதி வச்சிட்டுது. மவுஸோட வாற, யூஎஸ்பியில செருகிற சின்னத் துண்டை லப்டொப்பின்ர பழைய யூஎஸ்பி போர்ட்டிலயே விடுங்கோ.

டொக் ஆருக்கு எண்டா, ஒரே மேசையில இருந்து ரெண்டு மொனிட்டரோட வேலை செய்யிற, நல்ல யூபிஎஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு. மக்புக் எண்டா அதிலயும் கவனம், சாதாரண எம்1, எம்2 சிப் மக்புக் எயார் வெளியில ஒரு மொனிட்டரைத்தான் எடுக்கும், டிஸ்ப்ளேலிங்க் இல்லாம ரெண்டாவது வராது.

மாமா ஏற்கனவே டொக்கை அனுப்பிப் போட்டார் எண்டா அடப்டரைத் திருப்பிப் பாருங்கோ. 100–240 எண்டு போட்டிருந்தா எங்கட 230 வோல்ட்டில ஓடும், கழட்டிக் கொழுவிற வயரா இருந்தா 13 அம்பியர் சதுரப் பின் வயர் ஒண்டு இஞ்சயே வாங்கி மாத்தலாம். 120 எண்டு மட்டும் போட்டிருந்தா சுவரில கொழுவவே வேண்டாம்.

ஹப் வாங்கப் போகேக்க லப்டொப்பையும் கொண்டு போங்கோ, கடையில இருக்கிற ரீவியில படம் வருதோ, லான் வயர் கொழுவ லைட் எரியுதோ எண்டு பாத்திட்டுக் காசைக் குடுங்கோ, வாறண்டியை பில்லில எழுதி வாங்குங்கோ.