வீல் நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும்?

கேள்வி: போன மாதம் நான்கு டயரும் மாற்றினேன். கடையில் ஏர் கன்னாலேயே நட்டுகளை முடுக்கிவிட்டார்கள். அதிலிருந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கு அளவில் 'டிக்' என்று சத்தம் தரும் ஸ்பேனர்) வாங்கி, நட்டுகளை நானே ஒருமுறை முடுக்கிவிட்டால் சரியாகுமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: முடுக்கியிருக்கும் நட்டின் மேலேயே டார்க் ரெஞ்சை வைத்தால் ஒரு பயனும் இல்லை. நட்டு அசையாமலே 'டிக்' என்று சத்தம் வரும். சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். குறித்த அளவை எட்டிவிட்டது என்பதை மட்டும்தான் அந்தச் சத்தம் சொல்கிறது, அளவைத் தாண்டிப் போயிருந்தால் சொல்லாது. ஆகவே கழற்றிவிட்டுத்தான் முடுக்க வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஒவ்வொரு சக்கரமாகச் செய்யுங்கள். ஜாக்கி ஏற்றும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். அதற்கு வீல் ஸ்பேனர்தான், டார்க் ரெஞ்சைத் தொடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பில் (வீலைத் தாங்கும் நடுப்பகுதி) வீல் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே ஒட்டிய துருவும் செம்மண்ணும் மெல்லிய படலமாக இருந்தாலே வீல் கோணலாக உட்காரும்.

வீலை மாட்டி, நட்டின் கூம்பு முகம் வீலைப் பார்க்க, நான்கைந்து மரை கையாலேயே ஏற்றுங்கள். எதிரெதிர் நட்டாக லேசாக முடுக்கி, டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கியை இறக்குங்கள். இனி டார்க் ரெஞ்ச்: முதல் சுற்று 50 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு), அடுத்த சுற்று முழு அளவு. மாருதி சுசுகியின் சிறிய கார்கள் பலவற்றுக்கு 85. சில கார்களுக்கு 100-ஐத் தாண்டும். உங்கள் காரின் கையேட்டில் இருப்பதே கணக்கு. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் நிதானமாக இழுங்கள். கைக்குள் சின்னதாக ஒரு நெகிழ்வு, கூடவே 'டிக்'. அதோடு நிறுத்துங்கள். 'எதற்கும் இன்னொன்று' என்று இழுப்பதுதான் பலர் செய்யும் தவறு. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின், நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் நட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஏறி நின்றால், 147 நியூட்டன் மீட்டர். ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) இழுபட்டு நீளும். பிறகு ஒரு நாள் முறியும்.

உதறல் போகுமா? நட்டுகள் சமமாக இல்லாததால் பிரேக் டிஸ்க் கோணலாகி உதறினால் போய்விடும். அதே நிலையில் நாளாக ஓடி, டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறியிருந்தால் போகாது. டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கவோ மாற்றவோ வேண்டும். பிரேக் தொடாமலே 80, 90 வேகத்தில் உதறினால் முதலில் வீல் பேலன்ஸிங் பாருங்கள். எதுவானாலும், அடுத்த முறை கணவாய் இறங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கார் கையேட்டில் 8.7 கிலோகிராம்-மீட்டர் என்று முறுக்கு அளவு இருக்கிறது. ரெஞ்சில் வேறு இரண்டு அளவுகோல்கள். மேலும், முடுக்கும்போது கிறீச்சிடும் நட்டுக்கு எண்ணெய் விடலாமா?
- வாசகர், பர்கூர்

பதில்: 9.8 ஆல் பெருக்குங்கள்: 85 நியூட்டன் மீட்டர். இன்னொரு கோல் அடி-பவுண்டு, அதில் 63. தவறிப்போய் அடி-பவுண்டுக் கோலில் 85 வைத்தால், நட்டுக்கு 115 நியூட்டன் மீட்டர் போய்ச் சேரும்.

எண்ணெய் வேண்டாம். அந்த அளவு உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் உராய்வைக் குறைப்பதால், அதே 'டிக்'குக்குள் ஸ்டட் கூடுதலாக இழுபடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அரித்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இதே ரெஞ்சால் எஞ்சின் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டையும் முடுக்கலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வீலுக்கு வாங்கும் அரை அங்குல ரெஞ்ச் பெரும்பாலும் 40-இல்தான் தொடங்கும், டிரெயின் போல்ட் பல கார்களில் 35. சிறிய ரெஞ்ச் தனியாக வேண்டும். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். சொட்டினால் மேலும் முடுக்காமல் வாஷரைப் பாருங்கள். அலுமினிய ஆயில் பேன் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) என்றால் மரை உரிந்து வந்துவிடும். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி, பெட்டிக்குள் வையுங்கள். அதற்குக் கீழே திருப்பாதீர்கள்.