கேரட் சாறும் கண் மாத்திரையும் பார்வையைக் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 58. என் தந்தைக்கு முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து, எதிரில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாமல் போயிற்று. அண்மையில் என்னைப் பரிசோதித்த கண் மருத்துவர், எனக்கும் அதே நோயின் ஆரம்ப நிலை இருப்பதாகக் கூறினார். நீண்ட காலம் புகைபிடித்து, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்தினேன். நாள்தோறும் இரண்டு டம்ளர் கேரட் சாறு அருந்துகிறேன். கடையில் கிடைக்கும் கண் வைட்டமின் மாத்திரைகளையும் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். கேரட் சாற்றைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கீரையைச் சேருங்கள்.

கேரட்டின் புகழுக்குக் காரணம் உண்டு. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றுகிறது. மங்கலான ஒளியில் நாம் பார்ப்பதற்கு உதவும் ரோடாப்சின் என்னும் நிறமி அந்த வைட்டமினிலிருந்துதான் உருவாகிறது. இது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். குறைபாடு முற்றினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே பறிபோகும். ஆனால் போதிய அளவு வைட்டமின் ஏ இருக்கும் ஒருவர் மேலும் மேலும் கேரட் சாப்பிடுவதால் பார்வை கூர்மையாவதில்லை. உள்ளங்கை மஞ்சளாவதுதான் மிச்சம்.

உங்கள் நோய் தாக்கும் இடமோ வேறு. விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலா என்னும் சிறு பகுதிதான் படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் உதவுகிறது. லூட்டின், ஜியாசாந்தின் என்னும் இரு மஞ்சள் நிறமிகள் அங்கே செறிந்திருந்து, நீல ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டுவதோடு, ஓயாது உழைக்கும் அந்த உயிரணுக்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்தும் காக்கின்றன. இவற்றை உடலால் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். கரும்பச்சைக் கீரைகளில் லூட்டின் மிகுதி. மக்காச்சோளத்திலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இரண்டும் உண்டு. இவை கொழுப்பில் கரைபவை என்பதால், கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்து உண்பதே நல்லது. வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவராக இருந்தால் மட்டும், கீரையின் அளவைத் திடீரென மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும்.

இனி மாத்திரைக்கு வருவோம். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் ஆகியவற்றை அதிக அளவில் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் இடைநிலையில் இருந்தவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியிருந்தவர்களுக்கும், அது முற்றிய நிலைக்குச் செல்லும் அபாயம் ஐந்து ஆண்டுகளில் சுமார் 25 விழுக்காடு குறைந்தது. உங்களைப் போல ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பயன் ஏதும் தெரியவில்லை. கடை அலமாரியில் இருக்கும் புட்டிகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

உங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரைகள், புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகின்றன; புகைப்பதை விட்டவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். காய்கறியில் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு இந்த அச்சம் தேவையில்லை. 2013-இல் வெளியான இரண்டாம் ஆய்வில் அதற்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஜியாசாந்தினும் சேர்த்த கலவை பாதுகாப்பான மாற்றாக அமைந்தது. அதே ஆய்வில் ஒமேகா-3 மாத்திரைகள் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. மீன் உண்பவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுவது உண்மைதான் என்றாலும், மீனின் நன்மையை மாத்திரைக்குள் அடைத்துவிட முடியும் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

நீங்கள் புகைப்பதை நிறுத்தியது எந்த உணவையும்விடப் பெரிய உதவி, மீண்டும் தொடாதீர்கள். சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால், அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் உணவுமுறையே விழித்திரைக்கும் உணவுமுறை. கண்புரையையோ கண் நீர் அழுத்த நோயையோ உணவால் குணப்படுத்தலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆம்ஸ்லர் கட்டத்தாள் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அவ்வப்போது பாருங்கள். நேர்கோடுகள் வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது இடைநிலையை எட்டினால், பீட்டா கரோட்டின் இல்லாத கலவையைத் தொடங்குவது பற்றி அப்போது அவரே முடிவு செய்வார்.