பெயர் தெரியாத உடலுக்கு உறவைத் தேடுதல்

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், சென்னையில் தடய அறிவியல் ஆய்வகத்தில் மரபணுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: என் அண்ணன் மனநலச் சிகிச்சையில் இருந்தவர். 2019 நவம்பரில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. ‘ஆள் காணவில்லை’ என்று அப்போதே புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். பதிவானது. சில மாதங்களுக்கு முன்பு ரயில்வே போலீசார் பழைய புகைப்படங்கள் சிலவற்றைக் காட்டினார்கள். அதில், தண்டவாளத்தின் ஓரம் கிடந்த ஓர் ஆணின் உடல் இருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டை மட்டும் அண்ணனுடையதைப் போல் இருக்கிறது. அந்த உடலைப் புதைத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாம். அப்பா, அம்மா இருவரும் இப்போது இல்லை. அண்ணனுக்குத் திருமணமும் ஆகவில்லை. நானும் தம்பியும்தான் இருக்கிறோம். எங்கள் ரத்தத்தை வைத்து அது அண்ணன்தானா என்று சொல்ல முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: சொல்ல முடியும் சகோதரி. அதற்கு அந்த உடலிலிருந்து ஓர் எலும்போ பல்லோ கிடைக்க வேண்டும். உங்கள் இருவரின் ரத்தத்தோடு இன்னும் ஓரிரு உறவினர்களின் ரத்தமும் இருந்தால் பதில் உறுதிப்படும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை, வெள்ளை அட்டையில் அச்சிட்டிருந்த வட்டத்துக்குள் சொட்டுச் சொட்டாக வைத்தோம். அது சிவப்பிலிருந்து பழுப்பாகக் காயும் வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர், “இதுல எம்புள்ள பேரு இருக்குமா சார்?” என்று கேட்டார். ரத்தத்தில் பெயர் இருக்காது. அவர் பெற்ற பிள்ளையின் உடல் எங்கேனும் இருந்தால், அந்த உடலின் டி.என்.ஏ.வில் சரிபாதி இந்த அட்டையில் காய்ந்திருக்கும் டி.என்.ஏ.வோடு பொருந்தும், எங்களால் சொல்ல முடிவது அவ்வளவுதான். ஒரு பக்கம் உடல், மறுபக்கம் உறவு என்று இரண்டும் மேசைக்கு வந்தால்தான் ஒப்பீடு என்பதே தொடங்குகிறது. நம் ஊரில் பெயரில்லாமல் புதைக்கப்படுகிறவர்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் குறைவது கருவி அன்று, இந்த இரண்டில் ஒன்று.

பெற்றோர் உயிருடன் இருந்தால் வேலை எளிது. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இருபதுக்கு மேற்பட்ட இடங்களை ஆய்வகத்தில் படிக்கிறோம்; ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பதால், எல்லா இடமும் பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமே இராது. உடன்பிறந்தவர்கள் விஷயத்தில் அந்த உறுதி கிடைப்பதில்லை. அண்ணனும் தங்கையும் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொண்டாலும், சில இடங்களில் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லாமல் போவதுண்டு. ஆகவே உங்கள் ரத்தம் மட்டும் இருந்தால், ‘உடன்பிறந்தவராக இருக்க இவ்வளவு வாய்ப்பு’ என்று ஒரு கணக்கைத்தான் தர முடியும். அந்தக் கணக்கை வலுப்படுத்த, நம் உறவுமுறைச் சொற்களிலேயே வழி இருக்கிறது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. ஆகவே உங்கள் தம்பி, பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய ஆண் மக்கள் எனப் பங்காளிகள் எல்லோரிடமும் உங்கள் அண்ணனுடைய அதே ஒய் இருக்கும். மாமன் மச்சான் முறையில் உள்ளவர்களிடம் அதைத் தேடிப் பயனில்லை. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. என்பது, செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில் தனியாக இருப்பது; தாயிடமிருந்து ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது. அதை மேற்கொண்டு கடத்துகிறவர்கள் பெண்கள் மட்டுமே. உங்களிடமும் தம்பியிடமும் அது இருக்கிறது. பெரியம்மா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள், உங்கள் தாய்மாமன் ஆகியோரிடமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1485-இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்புக்கூடு 2012-இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தபோது, மன்னனின் தமக்கை வழியில் பெண்கள் மூலமாகவே இறங்கி வந்த ஒருவரின் மைட்டோகாண்ட்ரியாவை ஒப்பிட்டுத்தான் அடையாளத்தை உறுதி செய்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளைத் தாண்டி அது துணை நின்றிருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: ஒய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு வம்சத்துக்கே பொதுவானவை. அவை பொருந்தவில்லை என்றால் ‘இவர் அல்லர்’ என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். பொருந்தினால், உடன்பிறப்புக் கணக்கோடு சேர்த்துத்தான் ‘இவரே’ என்று சொல்ல முடியும். எனவே உங்களோடு தம்பியும், முடிந்தால் தாய்வழி உறவினர் ஒருவரும் ரத்தம் கொடுங்கள்.

அடுத்தது, உடலின் பக்கம். உங்கள் புகாரின் குற்ற எண், ரயில்வே போலீசாரின் குற்ற எண், பிரேதப் பரிசோதனை எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, பரிசோதனையின்போது எலும்போ பல்லோ எடுத்து வைக்கப்பட்டதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். ஃபார்மலினில் ஊறவைத்த திசுவாக இருந்தால் அதில் டி.என்.ஏ. பெரிதும் சிதைந்திருக்கும், உலர்ந்த எலும்பும் கடைவாய்ப் பல்லும்தான் நம்பகமானவை. எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். எரிக்காமல் புதைத்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. தொடை எலும்பிலிருந்தும் கடைவாய்ப் பல்லிலிருந்தும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் டி.என்.ஏ. எடுக்க முடிகிறது. புதைத்த இடம் மயானப் பதிவேட்டில் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், நிர்வாக நடுவரான தாசில்தார் முன்னிலையில் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. விசாரணை அதிகாரியிடம் இதைக் கேட்பது உங்கள் உரிமை; தயங்காதீர்கள்.

சட்டையை மட்டும் நம்பிவிட வேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். காலர் பட்டையில் தையல்காரரின் துணிச்சீட்டு இருந்தால் அது துப்பு ஆகலாம், அடையாளம் ஆகாது. 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பாலசோர் அருகே விபத்துக்குள்ளானபோது, சில உடல்களை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தங்களுடையவர் என்று உரிமை கோரின. யாரும் பொய் சொல்லவில்லை. துயரத்தில் இருக்கும் கண் தான் தேடுவதையே காணும். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்குப் பிறகுதான் அந்தச் சிக்கல்கள் தீர்ந்தன. அப்படியும் கேட்க ஆளில்லாத 28 உடல்கள் அந்த ஆண்டு அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்யப்பட்டன.

கேள்வி: அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பெயர் தெரியாமல் இருந்த உடல்களைக் குடும்ப மரம் வரைந்து கண்டுபிடிக்கிறார்களே, அதை இங்கே செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: அங்கே நடப்பது வேறு வகையான தேடல். முந்தைய பதிலில் நான் சொன்னது, இன்னார் என்ற சந்தேகம் வந்த பிறகு நெருங்கிய உறவோடு ஒப்பிடுவது. குடும்ப மர முறையில் சந்தேகப்பட ஓர் ஆளே தேவையில்லை. இறந்தவரின் டி.என்.ஏ.வில் இருபது இடங்களுக்குப் பதிலாகப் பல லட்சம் இடங்களைப் படித்து, தங்கள் பூர்வீகம் அறிய விரும்பிப் பொதுமக்கள் தாங்களாகவே தங்கள் டி.என்.ஏ. விவரங்களைப் பதிவேற்றிய ஜெட்மேட்ச் போன்ற இணையத் தொகுப்புகளில் தேடுகிறார்கள். எவ்வளவு டி.என்.ஏ. பொதுவாக இருக்கிறது என்பதைச் சென்டிமார்கன் என்ற அலகால் அளக்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அது ஏறத்தாழ 3,400, பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை போன்றவர்களோடு சராசரியாக 850-ஐ ஒட்டி, கொள்ளுத் தாத்தாவின் பெற்றோரைப் பொதுவாகக் கொண்ட தூரத்து உறவோடு எழுபது சொச்சம். முகம் தெரியாத ஒரு தூரத்து உறவு கிடைத்தால் போதும். பிறப்பு, திருமணப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையும் வைத்துப் பொதுவான பாட்டன் பாட்டி வரை மேலே ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கி, ‘இந்தக் கிளையில் ஒருவர் மட்டும் எங்கே போனார் என்று தெரியவில்லையே’ என்ற இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

ஓகையோ மாநிலத்தில் 1981-இல் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் உடலுக்கு, 2017-இல் தொடங்கப்பட்ட ‘டி.என்.ஏ. டோ புராஜெக்ட்’ என்ற தன்னார்வ அமைப்பு 2018-இல் இப்படித்தான் பெயரைக் கண்டறிந்தது. 37 ஆண்டுகள்! ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கடற்கரையில் 1948 டிசம்பர் 1 அன்று இறந்து கிடந்த ‘சோமர்டன் மனிதர்’ விஷயம் இன்னும் வியப்பானது. அவருடைய முகத்தை அப்போது பிளாஸ்டர் அச்சில் வார்த்து வைத்திருந்தார்கள். அந்த அச்சில் ஒட்டிக்கொண்டிருந்த தலைமுடியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அவர் கார்ல் வெப் என்ற மெல்போர்ன் நகரத்து மின் பொறியாளர் என்று பேராசிரியர் டெரெக் அபோட்டும் கொலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் 2022-இல் அறிவித்தார்கள்.

இதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்கு முதற்காரணம், அந்தத் தொகுப்புகளில் நம்மவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது, நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தாத்தாவின் பெயர் அப்பாவுக்கு இனிஷியல், அப்பாவின் பெயர் நமக்கு இனிஷியல் என்று தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிவிடுகிறது. ஏட்டில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று தலைமுறை ஏறுவது கடினம். மூன்றாவது காரணம்தான் அறிவியல் நோக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நம் வீடுகளில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது வழிவழியாக வந்த வழக்கம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள்: அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டிலிருந்து, தங்கையும் அண்ணனும் மறு வீட்டிலிருந்து. அவர்களுடைய பிள்ளைகள் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை முறைதான், ஆனால் டி.என்.ஏ.வில் எட்டில் ஒரு பங்குக்குப் பதில் நான்கில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்க்கும் அமெரிக்க மென்பொருள், இவர்கள் தாய்மாமனும் மருமகனும் என்றோ தாய் வேறான சகோதரர்கள் என்றோ எண்ணிக்கொள்ளும். இத்தகைய மணங்கள் பல தலைமுறை தொடர்ந்த குடும்பங்களில், ஐந்து தலைமுறை தள்ளிய உறவு மூன்று தலைமுறை உறவைப் போலத் தோன்றி, தேடுபவரைத் தவறான கிளையில் இறக்கிவிடும்.

ஆனால் நம்மிடம் ஏடுகளே இல்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் திருமணத்தைப் பதிவு செய்கிறார்கள். கொங்குப் பகுதியில் கூட்டம் எனப்படும் குலப்பிரிவு தெரியாமல் பெண் கேட்பதில்லை. குலதெய்வக் கோயிலில் வரி கட்டுகிறவர்களின் நோட்டுப் புத்தகம் என்பது, தத்து எடுத்த வீடுகளைத் தவிர்த்துப் பார்த்தால், ஒரே ஒய் குரோமோசோமைச் சுமப்பவர்களின் பட்டியல். அவற்றைத் தேடலுக்குப் பயன்படுத்தும் முன் அந்த மக்களின் சம்மதமும் அந்தரங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் தேவை. காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத இறந்தவர்களுக்கும் தனித்தனி அட்டவணை வைக்க வழிசெய்த டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமாகி, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குற்றவாளிகளின் டி.என்.ஏ.வைச் சேர்த்து வைப்பது குறித்து எழுந்த அச்சங்கள் நியாயமானவை. ஆனால் தன் பிள்ளையைத் தேடும் ஒரு தாய் விரும்பிக் கொடுக்கும் ரத்தத்தை அதனோடு ஒரே மூட்டையாகக் கட்டியிருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு அட்டவணைகளை மட்டுமாவது தனியே பிரித்துச் சட்டமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: டி.என்.ஏ.வைப் பார்த்து இறந்தவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று சொல்லிவிட முடியுமாமே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவல்லிக்கேணி

பதில்: முடியாது. அப்படிச் சொல்ல முயல்வதும் தவறு. தெற்காசியர், கிழக்காசியர், ஐரோப்பியர் என்ற அளவில் பூர்வீகத்தைச் சொல்லலாம், இன்னும் சற்று நெருங்கலாம், அவ்வளவே. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் நடத்திய ஆய்வில், மதுரைக்கு அருகில் ஒரு கிராமத்து இளைஞரிடம் எம்130 என்ற மிகப் பழைய ஒய் அடையாளம் கிடைத்தது பலருக்கு நினைவிருக்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது. அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வரை பரவியிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தைச் சொல்லும் ஒரு குறி, ஒரு மனிதரின் தெருவைச் சொல்லாது. ஊரைப் பற்றித் துப்பு வேண்டுமானால் பல்லின் எனாமல் உதவக்கூடும். சிறு வயதில் குடித்த நீரும் உண்ட உணவும் அதில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு விகிதமாக, அதாவது எடை வேறுபட்ட அதன் அணுக்களின் விகிதமாக, பதிந்திருக்கும்.

கேள்வி: எல்லோருக்கும் ஆதார் இருக்கும்போது, இறந்தவரின் கைரேகையை வைத்தே கண்டுபிடித்துவிடலாமே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் பிறருடன் பகிர்வதைத் தடை செய்கிறது. தவிர, அழுகத் தொடங்கிய உடலில் விரல் தோலே கழன்றுவிடும்.

கேள்வி: காணாமல் போனவரின் பொருட்களில் எவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், ராயபுரம்

பதில்: பல் துலக்கும் பிரஷ், சவரக் கத்தி, சீப்பில் வேரோடு ஒட்டியிருக்கும் முடி, துவைக்காத பனியன் ஆகியவற்றை வைத்திருங்கள். அவர் மட்டும் பயன்படுத்தியவை என்பது உறுதியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நன்றாக உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். விழுந்த பால் பல்லை யாராவது எடுத்து வைத்திருந்தால் அதுவும் நல்ல சான்று. இன்னொன்றையும் பழைய பெட்டியில் தேடிப் பாருங்கள். குழந்தை பிறந்து உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வளர்ந்த பிறகு அந்தத் தாயத்தை அம்மா எங்காவது முடிந்து வைத்திருப்பார். அதற்குள் இருப்பது அந்தப் பிள்ளையின் சொந்தத் திசு. தாயத்தை நீங்கள் திறக்காமல், விளக்காமல், கழுவாமல் அப்படியே விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.