பழைய ஸ்லாட் மெஷின் அசலா, நகலா?

1931-ஆம் ஆண்டு மில்ஸ் 'வார் ஈகிள்' ஸ்லாட் மெஷின் (காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் செய்த இந்த மாடலுக்கு நகல்கள் ஏராளம்.

முகப்பில் இருக்கும் கழுகின் இறகுகளை விரலால் தடவிப் பாருங்கள். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்த அலுமினியத்தில் கோடுகள் மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் இம்மி குறையும். பிறகு பின்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். முகப்பில் பொறித்த வரிசை எண்ணும் உட்பொறியின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அசல் உட்பொறியைப் புதுக் கூட்டில் பொருத்தி, முழுதும் பழையது என்று விற்பவர்கள் உண்டு. எனக்குப் பெரிய கோபமே அவர்கள்மீதுதான். கூட்டல் குறித் தலையுள்ள திருகுகள் 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தன. அவை தென்பட்டால் பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அது வெறும் பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம்.

புதுப்பித்து மினுக்கியதைவிட, தேய்ந்த பழைய வண்ணமும் உருளைகளில் முதலில் ஒட்டிய காகிதப் பட்டைகளும் அப்படியே இருக்கும் இயந்திரத்துக்கே நான் அதிகம் கொடுப்பேன். அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றால் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள்: கலிபோர்னியாவில் 25 ஆண்டுகளைத் தாண்டியதைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்கலாம், சில மாநிலங்களில் எவ்வளவு பழையதானாலும் அனுமதியில்லை.