மூன்று குறள் இருக்கிறது, வாதம் எங்கே?

அன்பின் ஐயா,

உயர்தரக் கலைப்பிரிவில் படிக்கிறேன். ‘பிரத்தியேக வகுப்புகளை (டியூஷன்) தடைசெய்ய வேண்டும்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று குறள்கள், இலங்கையின் முன்னாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி, வகுப்புக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த ஒரு தாய், ஞாயிறு காலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளை நிறைக்கும் மாணவர் கூட்டம் எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியை ‘தகவல் உண்டு, வாதம் இல்லை’ என்று எழுதித் தந்துவிட்டார். இவற்றையே விவாதப் போட்டியில் பேசியபோது கைதட்டினார்கள். எழுத்தில் மட்டும் என்ன குறை? ஐந்து பத்தி என்ற கணக்கை மீறலாமா?

மாணவி, கொட்டாஞ்சேனை

அன்பின் மகளுக்கு,

உங்கள் ஆசிரியை சொன்னது சரி. மேடையில் கேட்பவர் நீங்கள் போன வேகத்திலேயே கூட வந்துவிடுவார். எழுத்தில் அவர் நின்று, முந்தைய வரிக்குத் திரும்பிப் போய், “அதனால் என்ன?” என்று கேட்பார். நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். கூட்டம் உண்மை. ஆனால் அது எதைக் காட்டுகிறது? வகுப்புகள் தீமை என்பதையா, பாடசாலையில் பாடம் போதவில்லை என்பதையா? உங்கள் எதிரணி இதே கூட்டத்தைக் காட்டி, “இத்தனை பேருக்குத் தேவைப்படுவதை எப்படித் தடைசெய்வது?” என்று கேட்கலாம். இரண்டு தரப்புக்கும் கைகொடுக்கும் சான்று யாருக்கும் சான்றாகாது. குறளும் அப்படித்தான். ‘கற்க கசடற’ என்பதை வகுப்பு நடத்துபவர் தன் விளம்பரத்திலேயே போட்டுக்கொள்வார்!

சான்றுக்கும் முடிவுக்கும் இடையில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் தருக்கத்தைப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அடுக்களை அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கும் என்ற தொடர்பை, எல்லாரும் கண்ட ஓர் இடத்தில் வைத்து நிறுவுகிறது. ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியும் 1958இல் வெளிவந்த தம் நூலில், தரவிலிருந்து முடிவுக்குப் போக அனுமதி தருவது எது என்று கேட்டார்.

உங்கள் கன்னங்கரா பத்தியில் 1945 என்ற ஆண்டு இருக்கும், அனுமதி இருக்காது என்று ஊகிக்கிறேன். இப்படி எழுதியிருக்கலாம்: ‘பெற்றோரின் பணம் பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகவே இலவசக் கல்வி வந்தது. கட்டணம் கட்டியவர் மட்டும் பாடத்திட்டத்தை முழுமையாகக் கற்கும் நிலை வந்தால் அந்த நோக்கம் தோற்கிறது.’ இப்போது நகையை அடகு வைத்த தாய்க்கும் கட்டுரையில் வேலை வந்துவிடுகிறது. அதற்கு முன் அவர் அனுதாபத்துக்காக மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்தது எதிரணி. நன்னூல் எழுவகை மதம் (கொள்கை) என்று சொல்லுமிடத்தில் ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்று ஒன்று உண்டு. மற்றவர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு நீக்குவது. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் இதன் வலிமையைப் பார்க்கலாம். கோயில் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர் விவிலியத்தைக் கொண்டே பதில் சொன்னார். யெருசலேம் ஆலயத்தின் பலியும் தூபமும் விளக்கும் உங்கள் வேதத்திலேயே இருக்கின்றனவே என்பது அவருடைய கேள்வி. விவிலிய மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர் என்பதால் எதிரியின் நூல் அவருக்குக் கைப்பாடம். நாமோ எதிர்த்தரப்பை ‘சிலர் கூறுவர்’ என்று அரை வரியில் கொன்றுவிடுகிறோம். அந்தச் சிலர் யார், அவர்களுடைய மிகப் பலமான காரணம் எது? பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லாதபோது பிள்ளை எங்கே போவாள்? இதற்குப் பதில் இல்லாமல் தடை கேட்க முடியாது.

பதில் இல்லையென்றால் கோரிக்கையைச் சுருக்குங்கள். ‘ஆசிரியர் தன் பாடசாலையில் தான் கற்பிக்கும் மாணவரிடமே கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தக் கூடாது’ என்பதை நிறுவிக்காட்டலாம். வகுப்பறையில் குறைவாகக் கற்பித்தால் வெளியில் வருமானம் கூடும் என்ற நிலையே தவறு என்பது அதற்குப் போதுமான காரணம். ‘எல்லா வகுப்புகளையும்’ என்றால் இலவசமாக நடப்பதையும் சேர்த்து மூட வேண்டிவரும். சுருக்கினால் வேகம் குறையும் என்று விவாத அணியில் பழகியவர்கள் பயப்படுவார்கள். குறையட்டும்.

ஐந்து பத்தி என்பது பரீட்சை நேரத்தைச் சமாளிக்க யாரோ வகுத்த வசதி. உங்கள் எதிரணிக்கு மட்டுமே இரண்டு பத்தி தேவைப்படலாம். அந்த இடத்துக்காக இரண்டு குறள்களை எடுத்துவிடுங்கள், வள்ளுவர் கோபிக்க மாட்டார்.