இரவு பத்தேகால் சாப்பாடும் ஒன்றரை மணி நெஞ்செரிச்சலும்

கேள்வி: எனக்கு வயது 44. கடலூர் – புதுச்சேரி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. வேலை நாளில் காலை நாலு மணிக்கு எழுந்தால் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். நடுவில் ஏழெட்டு டீ, கிடைத்த நேரத்தில் டிபன். ராத்திரி பத்தேகாலுக்கு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்கு முழுச் சாப்பாடு. பெரும்பாலும் மீன் குழம்பு. பதினொன்றுக்குள் படுத்துவிடுவேன். ஒன்றரை மணி வாக்கில் நெஞ்சு எரிந்து, தொண்டை வரை புளித்த தண்ணீர் வந்து, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஒன்றரை வருடமாக மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வருகிறது. அல்சர் என்கிறார்கள். படுக்கும்முன் பால் குடித்தால் சரியாகும் என்கிறார் மனைவி. மீன் குழம்பை விட்டுவிட வேண்டுமா? ஆயுசு முழுக்க மாத்திரைதானா?

– ஒரு வாசகர், ஆல்பேட்டை, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

மீன் குழம்பை விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்விதான் அதிகக் கலக்கத்தோடு வந்திருக்கிறது. பதினெட்டு மணி நேரம் ஓடி உழைத்துவிட்டு, வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளை அது. அதைப் பிடுங்கிக்கொண்டு, கஞ்சி குடியுங்கள் என்று நான் எழுதினால் ஒரு வாரம் கேட்பீர்கள், எட்டாம் நாள் விட்டுவிடுவீர்கள். உங்களை ஒன்றரை மணிக்கு எழுப்புவதில் மீனுக்குப் பங்கு கொஞ்சம்தான். பத்தேகால் சாப்பாட்டுக்கும் பதினொரு மணிப் படுக்கைக்கும் நடுவில் முக்கால் மணி நேரம்கூட இல்லையே, பெரிய பங்கு அதற்குத்தான்.

உள்ளே நடப்பது இதுதான். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வட்டமாக ஒரு தசை இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருப்பார்களே சுருக்குப்பை, அதன் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும்போது திறக்கும், அப்புறம் கயிற்றை இழுத்தது போல மூடிக்கொள்ளும். இரைப்பையில் சுரக்கும் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது. இரைப்பையின் உள்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை. சுருக்குப்பையின் வாய் தளர்ந்து அமிலம் மேலே ஏறினால் நெஞ்சு எரிகிறது, தொண்டைக்குப் புளிப்பு வருகிறது. நம் ஊரில் வயிற்றுப் பக்கம் எது எரிந்தாலும் அல்சர் என்றுதான் சொல்கிறார்கள். அல்சர் என்பது இரைப்பையிலோ அதை அடுத்த சிறுகுடல் பகுதியிலோ ஏற்படும் புண். அது உங்களுக்கு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை, செய்யாமல் யாரும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் எதுக்களிப்பைத்தான், அதாவது அமிலம் இப்படி மேலே ஏறுவதைத்தான், காட்டுகின்றன.

ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும், எண்ணெய் மிகுந்ததென்றால் அதற்கும் மேல். அதுவரை நீங்கள் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருந்தால் ஏறுகிற அமிலம் தானாகக் கீழே இறங்கிவிடும். நிறைந்த வயிற்றோடு மல்லாந்து படுத்தால் அந்த வசதி போய்விடுகிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவதும் அதை விழுங்குவதும் குறைந்துவிடுவதால், மேலே வந்த அமிலத்தைக் கழுவி இறக்கவும் ஆளில்லை. அதனால்தான் பகலில் அவ்வளவாகத் தெரியாத எரிச்சல் ஒன்றரை மணிக்கு உங்களை உட்கார வைக்கிறது.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும். பத்து மணிக்கு வீடு வருகிறவருக்கு இது எப்படி முடியும்? உங்கள் வண்டி ஒவ்வொரு நடையும் ஆல்பேட்டையைத் தாண்டித்தானே புதுச்சேரி போகிறது. மாலை ஐந்தரை, ஆறு மணி நடையில் வீட்டிலிருந்து யாராவது ஸ்டாப்பில் நின்று ஒரு டப்பாவைக் கையில் கொடுக்கட்டும். காலையிலேயே கட்டி எடுத்துப்போனால் இந்தக் கடலோர வெக்கையில் மாலைக்குள் ஊசிவிடும், அதனால் சொல்கிறேன். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் பத்து நிமிடத்தில், ஏழு ஏழரைக்குள், அதைச் சாப்பிட்டுவிடுங்கள். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், அல்லது சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும், அல்லது கீரை பிசைந்த சாதம். அதுதான் உங்கள் இரவுச் சாப்பாடு.

வீட்டுக்கு வந்ததும் தட்டு முன்னால் கட்டாயம் உட்காருங்கள். வீட்டார் உங்களுக்காகக் காத்திருப்பதையும் அவர்களோடு பேசிக்கொண்டு சாப்பிடுவதையும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. தட்டில் மட்டும் இரண்டு கைப்பிடி ரசம் சாதம், இல்லையென்றால் ஒரு டம்ளர் நீர்மோர், அவ்வளவுதான் இருக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் பசி அடங்காதது போலத் தோன்றும், அப்புறம் வயிறு பழகிவிடும்.

மீன் குழம்புக்கு ஓய்வு நாளின் மதியம் இருக்கிறது. ஒரு மணிக்கு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். சங்கராவோ மத்தியோ குழம்பில் கிடந்து வெந்த மீன் சீக்கிரம் செரித்துவிடும். வறுவலின் எண்ணெயும், குழம்பின் மேலே விரல் கனத்துக்கு மிதக்கும் எண்ணெயும்தான் அந்தத் தசையைத் தளர்த்தி வயிற்றையும் மந்தமாக்குகின்றன. புளியும் மிளகாயும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. தக்காளி, பச்சை வெங்காயம், பூண்டு, சாக்லேட், புதினா, ஆரஞ்சு எல்லாம் இப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது எரிந்தது என்று மட்டும் குறியுங்கள். மூன்று முறை ஒரே பொருளுக்குப் பின்னால் எரிந்திருந்தால் அதை விடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பரோட்டா சால்னா மட்டும் எந்த நோட்டும் பார்க்காமலே விட வேண்டியது. மைதாவும் எண்ணெயும் சேர்ந்து வயிற்றில் நெடுநேரம் கிடக்கும்.

டீயை ஏழெட்டிலிருந்து மூன்றாக்குங்கள். நாலேகாலுக்கு வெறும் வயிற்றில் குடிக்கும் முதல் டீதான் அவற்றில் கெட்டது. முதலில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கூடவே ஒரு வாழைப்பழம், அதற்கப்புறம் டீ. பழைய சோறு சாப்பிடலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். மோர் ஊற்றிக் கரைத்த பழைய சோறு சிலருக்கு வயிற்றைக் குளிர வைக்கிறது, சிலருக்குப் புளித்த ஏப்பம் வருகிறது. சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள், ஆனால் தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய் வேண்டாம்.

பால் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. குடித்தவுடன் எரிச்சல் அடங்கும். சற்று நேரத்தில் அந்தப் பாலே இரைப்பையைத் தூண்டி மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும், கெட்டிப் பாலென்றால் அதன் கொழுப்பு வேறு. படுக்கும் நேரத்தில் வேண்டாம். சோடாவும் வேண்டாம். ஏப்பம் வந்ததும் நிம்மதியாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அந்த ஏப்பத்தோடு சுருக்குப்பையின் வாயும் திறந்து அமிலமும் ஏறுகிறது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, மது பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவற்றை விடாமல் மற்ற எதைச் செய்தாலும் பலன் பாதிதான் கிடைக்கும்.

படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கிக்கொள்வது பெரும்பாலோர் செய்யும் தவறு. கழுத்து மட்டும் மடங்கும், இடுப்பும் வளைந்து வயிறு அழுந்தும், அதனால் எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். உடம்பின் மேல்பாதி முழுவதும் சரிவாக உயர வேண்டும். கட்டில் என்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு முதல் எட்டு அங்குல உயரத்துக்கு ஆடாத மரக்கட்டை வையுங்கள். பாயில் படுப்பவர் என்ன செய்வது? தேவனாம்பட்டினத்திலிருந்து என்னிடம் வரும் மீனவர் ஒருவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். பழைய படகுப் பலகை ஒன்றைத் தலைப்பக்கம் இரண்டு செங்கல் மேலும், மறுமுனை இடுப்புக்கு நேராகத் தரையிலும் படும்படி சாய்த்து, அதன் மேல் போர்வைகளை மடித்துப் போட்டு, அதற்கு மேல் பாயை விரித்துக்கொண்டார். முதல் இரண்டு இரவு வழுக்கி வழுக்கிக் கீழே வந்தாராம். மூன்றாம் இரவு முழங்காலுக்கு அடியில் ஒரு துணிச் சுருள் வைத்தார், நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ராத்திரி எழுந்து உட்கார்வது அவருக்கு அபூர்வம். நீங்களும் அப்படிச் செய்யலாம். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தங்கிவிடும். வலதுபக்கம் படுத்தால் நேர்மாறு.

வேலையில் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொள்வீர்கள். ஒரு துளை தளர்த்துங்கள். பணப்பை வயிற்றின் மேல் அழுந்தாமல் பக்கவாட்டில் தொங்கட்டும். தொப்பை இருந்தால் அதுவும் உள்ளிருந்து போட்ட பெல்ட் மாதிரிதான், எந்நேரமும் இரைப்பையை அழுத்திக்கொண்டிருக்கும். உணவிலும் பழக்கத்திலும் செய்யும் மாற்றங்களில் நிச்சயமான பலன் தருவது எடை குறைப்பது. ஓய்வு நாள் மாலையில் சில்வர் பீச் மணலில் முக்கால் மணி நேரம் நடங்கள். இன்னொன்று, நின்று நின்று கால்வலி, இடுப்புவலி என்று டைக்ளோஃபினாக், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடுகிறீர்களா? அவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை, டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. கேஸ் மாத்திரை என்று உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பான்டோபிரசோல் வகையாக இருக்கும். அது அமிலம் சுரப்பதைக் குறைக்குமே தவிர, தளர்ந்த தசையைக் கட்டாது. எரிச்சல் வந்த பிறகு போடும் மாத்திரையும் அல்ல. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். வழக்கமாக நாலு முதல் எட்டு வாரம் கொடுத்துவிட்டு, மேலே தேவையா என்று டாக்டர் பார்ப்பார். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த சுரப்பு சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் பொங்கும். நிறுத்தினால் மோசமாகிறது என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதுதான். நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்கலாம். சாப்பாட்டு நேரத்தையும் படுக்கையையும் சரிசெய்தவர்களில் பலருக்கு மாத்திரை இல்லாமலே ஓடுகிறது, சிலருக்குக் குறைந்த அளவில் தொடர வேண்டியிருக்கும். உங்களுக்கு எது என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும்.

ஒன்றரை வருடம் பரிசோதனை இல்லாமல் ஓட்டிவிட்டீர்கள், இனி தள்ளாதீர்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்கோ ஒரு ஓய்வு நாள் காலையில் போய், எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். விழுங்கும்போது உணவு அடைப்பது, மலம் தார் போலக் கறுப்பது, வாந்தியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் ஓய்வு நாளுக்குக் காத்திருக்காமல் போங்கள். நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது படி ஏறும்போது வலி வந்து, ஏறுவதை நிறுத்தியதும் அடங்கினால், அது இதயமாக இருக்கலாம். கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டே விலைமதிப்பில்லாத ஒரு மணி நேரத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த ஓய்வு நாளிலேயே தொடங்கிவிடுங்கள். காலையில் மருத்துவமனை, மதியம் ஒரு மணிக்கு மீன் குழம்பு, மாலையில் நடை, எட்டு மணிக்குள் இட்லி. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, மாலை எத்தனை மணி நடையில் ஆல்பேட்டை ஸ்டாப்பில் டப்பா வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.